ஆளுக்கொரு குச்சி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஒரு வரி எழுதினால் அடுத்த வரி அதன் மேல் ஏறிக்கொள்கிறது. மறதி வேறு. காலையில் மாத்திரை போட்டாயா என்று கேட்டால் முழிப்பேன். எந்தக் காலத்திலோ ஒரு மத்தியானம் ஜன்னல் வெயில் தரையில் எதுவரைக்கும் வந்திருந்தது என்று கேட்டால் கையை வைத்துக் காட்டுவேன். இப்படிப்பட்ட ஞாபகத்தை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீடு அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் இருக்கிறது. ஒன்றாக இருந்து இரண்டான வீடு. நடுவில் சுவர். இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் இரண்டு பேரும் மத்தியானத்தில் வீடியோ கேம் ஆடுகிறோம். இதை எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தெருவில் யாருக்கும் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டுதான் ஆடுகிறோம்.

அந்த வீடியோ கேம் பெட்டி வீட்டுக்கு வந்தபோது இரண்டு பேருக்கும் இளம் வயது. அக்காவின் புருஷன், என் மூத்தார், அம்பத்தூர் ஓ.டி.யில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். யாரோ ஒருவர் அதை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்க வரவேயில்லை. ரொம்ப நாள் காத்திருந்து பார்த்துவிட்டு, ஒரு நாள் சாயங்காலம் சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கறுப்புப் பெட்டி. முன்பக்கம் வெள்ளிப் பட்டை. மேலே கேசட் செருக ஒரு வாய். ஒயர் கட்டிய இரண்டு குச்சிகள். ஒவ்வொன்றும் சதுரமான அடியில் நட்டு வைத்த சின்ன மத்து மாதிரி இருக்கும்.

இரண்டு கேசட் இருந்தன. கார் ஓட்டுகிற கேசட் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. இன்னொன்று யாருக்கும் பிடிக்கவில்லை. அதில் இரண்டு குச்சியையும் ஒரே ஆள் பிடிக்க வேண்டும். ஒன்று ஓடுவதற்கு, ஒன்று சுடுவதற்கு. எந்தப் பக்கம் ஓடினாலும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுடலாம், அதுதான் அந்த ஆட்டத்தின் அழகு. ஆனால் ஒரு கையால் அடியை அழுத்திப் பிடித்தால்தான் இன்னொரு கையால் குச்சியை ஆட்ட முடியும். இல்லாவிட்டால் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். அப்படியானால் நாலு கை வேண்டும். பிள்ளைகள் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள்.

நாலு கை எங்களிடம் இருந்தது.

ஆம்பளைகள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, ஒரு வெறுமையான நேரம் வரும். தெருவில் நாய்கூடக் குரைக்காது. அப்போது அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து டிவி முன்னால் கால் நீட்டி உட்காருவார்கள்.

"ஏ சின்னவளே, வந்து குந்துமே. அந்த ரூமை அப்பால பெருக்கிக்கலாம்."

நான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். யாரும் பேசி முடிவு செய்யாமலே என் கைக்கு ஓடுகிற குச்சி வந்தது. அக்கா கைக்குச் சுடுகிற குச்சி போனது. எங்கள் இரண்டு பேரையும் தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

அந்த ஆட்டம் இப்படி. கறுப்புத் திரை. நடுவில் எறும்பு அளவுக்கு ஒரு ஆள். சுற்றிலும் சிவப்பாக, பச்சையாக, உருண்டையாக, கட்டமாக, என்னென்னவோ அவனை நோக்கி வந்துகொண்டே இருக்கும். எல்லாம் இயந்திரம் என்று மூத்தார் சொன்னார். சிலது சுட்டால் பொடிப்பொடியாகும். பெரிதாக ஒன்று, எவ்வளவு சுட்டாலும் சாகாது, கொஞ்சம் பின்னால் தள்ளும், திரும்பவும் நடந்து வரும். அதற்கு அக்கா தடியன் என்று பெயர் வைத்தார்கள். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பொம்பளை, ஒரு ஆம்பளை, ஒரு குழந்தை, எதுவும் தெரியாத மாதிரி நடந்துகொண்டிருப்பார்கள். ஓடிப் போய் அவர்களைத் தொட்டால் போதும், காப்பாற்றியதாக அர்த்தம். ஒரு சின்ன மணிச் சத்தம் கேட்கும். தடியன் முந்திக்கொண்டால் அவர்கள் நசுங்கிப்போவார்கள்.

எனக்கு அந்தப் பொம்பளையின் மேல்தான் கண். ஏன் அப்படி ஒரு அவசரமும் இல்லாமல் நடக்கிறாள் என்று நினைப்பேன். அதனால் மற்றது எதுவும் தெரியாது. பின்னால் வருவது தெரியாது, மூலையில் இருப்பது தெரியாது. முழுத் திரையையும் ஒரே பார்வையில் பார்க்கிறவர்கள் அக்காதான். அவர்கள் சொல்ல, நான் ஓட.

முதலில் சோத்தாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் என்றுதான் சொன்னார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் ஆள் செத்துப்போவான். ஒரு நாள் அக்கா கோபத்தில் கத்தினார்கள்.

"அடுப்புப் பக்கம் போடி, அடுப்பு, அடுப்பு."

என் கை தானாக இடது பக்கம் போய்விட்டது. டிவி இருந்த சுவருக்குப் பின்னால்தான் எங்கள் சமையலறை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் அடுப்பு இடது பக்கம், தண்ணீர்த் தொட்டி வலது பக்கம், மேலே பரண், கீழே அம்மி. நாள் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் இடித்துக்கொள்ளாமல் சுற்றி வந்த இடம். அங்கே யோசித்து யாரும் திரும்புவதில்லை. அன்றிலிருந்து அதுதான் எங்கள் திசை. பரண் என்றால் மேலே. தொட்டி என்றால் வலது. அடுப்புப் பரண் என்றால் இடது மேல்மூலை, ஊறுகாய் ஜாடி வைக்கிற இடம். மூத்தார் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, "இன்னா, டிவிக்குள்ளயும் சமைக்கிறீங்களா?" என்றார். அக்கா திரும்பிப் பார்க்காமல், "சோறு மூடி வச்சிக்கீது, போட்டுத் துன்னுட்டுப் போய்யா. இங்க உயிர் போயிக்கினுகீது" என்றார்கள்.

ஒரு கட்டம் முடிந்தால் திரை முழுக்க வண்ண வளையங்கள் விரியும். உள்ளேயிருந்து ஒன்று, அதற்குள்ளிருந்து ஒன்று, ஏரியில் கல் விழுந்த மாதிரி. அது முடியும்வரை ஓட வேண்டாம், சுட வேண்டாம். இரண்டு பேரும் சும்மா பார்த்துக்கொண்டிருப்போம். வெளிச்சம் அக்காவின் மூக்குத்தியில் சிவப்பாகும், பச்சையாகும். சூடேறிய டிவியிலிருந்து தூசி வாசனை வரும். கையை நீட்டித் திரையைத் தொட்டால் முடிகள் எழுந்து நிற்கும். அப்புறம் அம்பத்தூர் எஸ்டேட் பேக்டரிகளில் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதும். பெட்டியை மூடித் துணியைப் போர்த்திவிட்டு எழுந்து அடுப்பைப் பற்ற வைப்போம். கொஞ்ச நேரத்துக்கு அம்மி எது, தடியன் எது என்று எனக்குத் தெளியாது. நடக்கும்போது கால் மிதக்கிற மாதிரி இருக்கும்.

அண்ணன் தம்பிக்குள் எப்படிப் பேச்சு முற்றியது என்பதை எழுத மாட்டேன். நிலத்தை மனை போட்டு விற்ற பிறகு பல வீட்டில் வந்ததுதான். ஊரில் பெரியவர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்து பாகம் பிரித்தார்கள். வீட்டை நடுவில் பிளந்து சுவர் எழுப்புவது என்று ஆனது. பித்தளைப் பாத்திரங்களைத் தரையில் இரண்டு வரிசையாக வைத்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் அந்தப் பெட்டி வந்தது. அது மூத்தார் கொண்டுவந்தது, அவருக்கே போகட்டும் என்று ஒரு பெரியவர் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு எதையும் விட மனசில்லை.

"ரெண்டு குச்சி கீது பாருங்க. ஒண்ணு இந்தப் பக்கம் வைங்க."

அக்கா கதவோரம் நின்றிருந்தவர்கள், சபை என்றும் பார்க்கவில்லை.

"ஒண்ண வச்சிக்கினு இன்னா பண்ணுவ நைனா? பல்லு வெளக்குவியா? ரெண்டும் இருந்தாத்தான் அது ஆடும்."

"பாகம்னா பாகம்தான் அண்ணி."

பெரியவருக்கு அது என்ன சாமான் என்றே தெரியாது. இரண்டு இருந்தது, ஆளுக்கு ஒன்று என்று பிரித்துவிட்டார். அம்மியை அங்கே, குழவியை இங்கே என்று பிரித்தால்கூட யாராவது சிரித்திருப்பார்கள். இதற்கு யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் அந்தக் குச்சியை ஒயரோடு சுற்றி என் மடியில் போட்டார். எனக்கு வந்தது எது, ஓடுகிறதா சுடுகிறதா என்று நான் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரிதான். பெட்டியில் எந்த ஓட்டையில் செருகுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் வேலை.

அடுப்பு அக்கா பக்கம் போனது. தொட்டி என் பக்கம் வந்தது. நான் தொட்டி ஓரமாகப் புதிதாக அடுப்பு மேடை கட்டிக்கொண்டேன். அவர்கள் பிளாஸ்டிக் டிரம் வாங்கிக்கொண்டார்கள். குச்சியை நான் என் பழைய ரவிக்கைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

அப்புறம் வருஷங்கள் போயின. நல்லது கெட்டதுக்கு மட்டும் போக்குவரத்து. ஆனால் சுவர் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அக்காவின் குரல் எல்லாவற்றையும் தாண்டி வரும். பால்காரரைத் திட்டுவது, காக்காயைத் திட்டுவது, கரண்ட் போனால் கரண்டைத் திட்டுவது. காலையில் அந்தக் குரல் கேட்டால்தான் எனக்கு விடிந்த மாதிரி. முதலில் மூத்தார் போனார். அடுத்து என் வீட்டுக்காரரும் போனார். இனிமேல் அந்தப் பக்கம் போகாதே என்று சொல்ல யாரும் இல்லை. ஆனாலும் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. எப்போதாவது ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுபோய்க் கொடுப்பேன். வாசல்படியிலேயே நின்றுவிட்டு வந்துவிடுவேன்.

போன மழைக்காலத்தில் அக்காவுக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணியது. பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை, கால் சரியாகிவிடும், கை மெல்ல வரும் என்றார்கள். பேச்சு மட்டும் குழறியது. சொல்ல நினைத்தது ஒன்று, நாக்கில் உருள்வது ஒன்று. வீட்டுக்கு வந்த முதல் வாரம் பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், "இன்னா சொல்றே? இன்னொரு வாட்டி சொல்லு" என்று காதைக் காட்டிக் காட்டிக் கேட்டுவிட்டுச் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அக்கா அவரைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். அதோடு வாயை மூடிக்கொண்டார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைத் தட்டுவார்கள். வேண்டாமென்றால் கையை வீசுவார்கள். அவ்வளவுதான்.

பேசப் பேசத்தான் பேச்சு திரும்பும், பேச வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவின் மருமகள் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவள் அப்பா பேக்டரி வேலைக்காகத் தெற்கேயிருந்து வந்தவர். பொறுமையான பெண். அவளும் எவ்வளவோ பார்த்தாள்.

"சின்னத்தை, நீங்க வந்து பக்கத்துல இருங்க. நான் பேச்சுக் குடுத்தா மூஞ்சத் திருப்பிக்கிறாங்க. உங்ககிட்டயாவது பேசுவாங்க."

என்னிடம் போய்ச் சொன்னாள் பாருங்கள். எனக்கு நாலு வார்த்தை சேர்த்துப் பேச வராது. தினமும் மத்தியானம் போய் அக்காவின் கட்டில் ஓரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பேச மாட்டேன் என்கிற அவர்களும் பேசத் தெரியாத நானும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. இரவில் என் பக்கம் வந்து படுத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும், அங்கே வீடே இல்லாத மாதிரி. எனக்கு வேறெதுவும் வேண்டாம், அக்கா என்னை ஒரு தடவை திட்டினால் போதும் என்று நினைப்பேன்.

போகிக்கு முந்தின நாள் மருமகள் பரணை ஒழித்து வாசலில் குவித்திருந்தாள். கிழிந்த பாய், உடைந்த முறம், மூடி இல்லாத பிளாஸ்டிக் டப்பாக்கள். நடுவில் வெள்ளிப் பட்டை தெரிந்தது. நான் குனிந்து எடுத்தேன். குச்சி ஒன்று ஒயரோடு தொங்கியது. கேசட் வாயிலேயே இருந்தது. மேலே ஒட்டியிருந்த காகிதத்தைப் பூச்சி தின்றிருந்தது.

"அது ஒடஞ்ச சாமான் சின்னத்தை, எதுக்கு உங்களுக்கு? கையெல்லாம் அழுக்காயிரும்."

பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராக என் பக்கம் போய், டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளையெல்லாம் வெளியே போட்டேன். ரவிக்கைத் துணி மங்கிப்போயிருந்தது. குச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்காவின் மகன்தான் இப்போது அந்தக் கடையை நடத்துகிறான். டிவி ரிப்பேர் இல்லை, கேமரா மாட்டுகிற வேலை. சாயங்காலம் வந்ததும் அவனிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சித்தி, இது இப்போ இருக்கிற டிவில வராது. டப்பா டிவி வேணும். கடைல அப்பாவோடது ஒண்ணு மூலையில கெடக்குது. எரியுதான்னு பாக்குறேன்."

"பாருப்பா."

"யார் ஆடப் போறா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் என்னைப் பார்த்தான், உள்ளே அம்மாவைப் பார்த்தான்.

பொங்கல் கழிந்து டிவி வந்தது. அக்காவின் கூடத்தில், சுவரோரமாக, ஏறக்குறைய அந்தப் பழைய இடத்திலேயே வைத்தான். பின்பக்கம் ஏதோ திருகினான். திரை முழுக்க இரைச்சல், புள்ளி, கோடு. திடீரென்று எல்லாம் அடங்கிக் கறுப்பாகி நடுவில் அந்த ஆள் வந்து நின்றான். அத்தனை வருஷமும் அங்கேயே நின்று காத்திருந்தவன் மாதிரி நின்றான்.

அக்காவின் முகத்தில் நான் ஒன்றும் தேடவில்லை. இப்போது தரையில் உட்கார முடியாது. இரண்டு நாற்காலி போட்டோம். சுடுகிற குச்சியை அவர்கள் மடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அடியை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வராத வலது கையை அதன் மேல் பாரமாக வைத்து, இடது கையால் குச்சியைப் பிடித்தார்கள். சுட ஆரம்பித்தார்கள்.

அவர்கள் கை மறக்கவில்லை. குறி கொஞ்சம் தள்ளிப்போனாலும் எது முதலில் சாக வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. மோசம் நான்தான். எங்கே ஓடுவது என்று யாரும் சொல்லாமல் நான் அந்தப் பொம்பளையையே பார்த்துக்கொண்டு போய்த் தடியன் மேல் விழுந்தேன். மறுபடி விழுந்தேன். அக்கா மோவாயால் காட்டினார்கள். மோவாயைப் பார்த்தால் திரையைப் பார்க்க முடியாது, திரையைப் பார்த்தால் மோவாயைப் பார்க்க முடியாது. மருமகள் பின்னால் நின்று உதவி செய்தாள்.

"லெப்டுல, சின்னத்தை, லெப்டுல. ஐயோ, ரைட்டு. கீழ, கீழ."

எனக்கு அதெல்லாம் காதில் ஏறி, மண்டைக்குப் போய், கைக்கு வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அக்காவுக்கு எரிச்சல் வருவது தெரிந்தது. தாடை அசைந்தது. உதடு திறந்து மூடியது. என்னமோ வாய் வரைக்கும் வந்து திரும்பிப்போனது. அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாளும் அவ்வளவுதான். அதற்கு அடுத்து வந்த நாட்களும் அப்படியே போயின. ஆனால் மத்தியானம் நான் போகும்போது அக்கா கட்டிலை விட்டு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். குச்சி மடியில் இருக்கும்.

அன்றைக்கு என்ன கிழமை என்று ஞாபகம் இல்லை. தை மாசத்து வெயில் மெல்லிசாகக் கூடத்துக்குள் வந்து டிவியின் கால்வரைக்கும் படுத்திருந்தது. மருமகள் உள்ளே வேலையாக இருந்தாள். ஒரு கட்டம் தாண்டி இன்னொரு கட்டம் தாண்டி, இந்தப் பெட்டியை மறுபடி எடுத்த பிறகு அவ்வளவு தூரம் போனதே இல்லை. திரையில் மிச்சம் அந்தப் பொம்பளையும் தடியனும் சிவப்புகள் கொஞ்சமும்தான். நான் வலது பக்கம் அவளைத் தேடிப் போய்க்கொண்டிருந்தேன். அவள் அங்கே இல்லை. எங்கே என்று தெரியவில்லை. என் கை நின்றுவிட்டது.

"பழண்."

அந்தச் சத்தம் என் பக்கத்திலிருந்து வந்தது என்று புரிவதற்கு முன்னால் என் கை மேலே போய்விட்டது. போகும்போதே மாற்றிக்கொண்டு இடது மேல்மூலைக்குப் போனது, ஏனென்றால் அதற்குள் "அழுப்பு, அழுப்புப் பழண்" என்று இரண்டாவது தடவையும் வந்துவிட்டது. ஊறுகாய் ஜாடி மூலை. அங்கேதான் நடந்துகொண்டிருந்தாள் அவள், தன் பாட்டுக்கு, ஒரு அவசரமும் இல்லாமல். தடியன் ஒரு அடி பின்னால் இருந்தான். அக்கா அவனைச் சுட்டுத் தள்ளினார்கள். நான் அவளைத் தொட்டேன். அந்தச் சின்ன மணிச் சத்தம் கேட்டது.

வளையங்கள் விரிந்தன. சிவப்பு, பச்சை, மஞ்சள், ஒன்றுக்குள் ஒன்றாக, கூடம் முழுக்க. எனக்குச் சுவர் இருந்த ஞாபகமே இல்லை. அந்தத் திரைக்குப் பின்னால் எங்கள் சமையலறை பிரியாமல் அப்படியே இருந்தது. அடுப்பில் உலை கொதித்தது, தொட்டியில் தண்ணீர் தளும்பியது, அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள்.

அப்போதுதான் வந்தது.

"கண்ணு இன்னா பொழனிலயாடி கீது ஒனக்கு? எவ்ளோ நாழி நிக்குறா அவ அங்க. மூதேவி."

ஒவ்வொரு வார்த்தையும் கோணலாக, பொடனி பொழனியாகி, வழுக்கிக்கொண்டு வந்தது. ஆனால் எல்லாம் வந்தது. சொல்லி முடித்ததும் அக்காவுக்கே திடுக்கென்றது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு உள்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். யாராவது சிரிக்கிறார்களா என்று.

மருமகள் சமையலறை வாசலில் கையில் முறத்தோடு நின்றிருந்தாள். ஒரு நொடிதான். காதில் விழாத மாதிரி உள்ளே போய்விட்டாள். போய் ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே உருட்டினாள். இன்னொன்றையும் உருட்டினாள். உள்ளே அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நல்ல பெண்.

"அங்க இன்னாடி சத்தம்?" என்றார்கள் அக்கா.

"ஒண்ணுமில்ல அத்தை, கை தவறிருச்சு."

"கை தவழுதாம்." அக்கா குச்சியைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். என்னைப் பார்த்தார்கள். "நீ இன்னா பாத்துக்கினுகீற? அடுத்தது வந்துடுச்சி பாரு. அம்மி, அம்மி. ஓடு."

நான் ஓடினேன். கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்ததால் எதுவும் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், என் கை போய்க்கொண்டே இருந்தது.

இப்போது மாசி முடியப் போகிறது. அக்காவின் பேச்சு இன்னும் நேராகவில்லை. வெளியாள் வந்தால் இன்னமும் வாயைத் திறப்பதில்லை. ஆட்டத்தில் மட்டும்தான் தாராளமாக வருகிறது. ஆட்டம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம், சூடு ஆறாத டிவி மாதிரி, மிச்சம் இருக்கிறது. அந்த நேரத்தைப் பார்த்து மருமகள் காபியோடு வந்து உட்காருகிறாள். சமையலுக்கு என்ன வைக்கலாம் என்று கேட்கிறாள். பதில் கிடைக்கிறது. நேற்று அதற்கு மேல் ஒரு குறையும் கிடைத்தது, சாம்பாரில் புளி தூக்கல் என்று. எஸ்டேட்டில் இப்போது சங்கு ஊதுவதில்லை. அதனால் எப்போது எழுந்திருப்பது என்று எங்களுக்கும் தெரிவதில்லை. வெயில் டிவியின் காலைத் தாண்டிச் சுவரில் ஏறி மங்கிப்போகிற வரைக்கும் இருந்துவிட்டு, பெட்டிக்குத் துணியைப் போர்த்திவிட்டு, நான் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு என் பக்கம் போகிறேன். இரண்டு குச்சியும் அங்கேயே இருக்கின்றன. என் பங்கைத் திருப்பிக் கேட்கிற எண்ணம் எனக்கு இல்லை.

இதில் தப்பு நிறைய இருக்கும். பெட்டி வந்தது எந்த வருஷம் என்று நான் எழுதவேயில்லை, எனக்குத் தெரியாது. ஓடுகிற குச்சியை இடது ஓட்டையில் செருகுவோமா வலது ஓட்டையிலா என்பதும் சந்தேகம். மூத்தார் அன்றைக்கு வாசலில் நின்று சொன்னது நான் எழுதியபடியே சொன்னதா, இல்லை இன்னும் நன்றாகச் சொன்னாரா? அக்கா அன்றைக்கு முதலில் சொன்னது பரணா அடுப்பா என்றுகூட இரண்டு மனசாக இருக்கிறது. இதெல்லாம் சரியாகத் தெரிந்தவர்கள் ஒருத்தர்தான் இருக்கிறார்கள். மருமகளிடம் இந்தத் தாள்களைக் கொடுத்திருக்கிறேன். ஆட்டம் முடிந்த சூட்டோடு அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அக்கா, எங்கெங்கே தப்பு என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டேன், கையைக் காட்டினாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாயைத் திறந்து சொல்லுங்கள். எவ்வளவு திட்டினாலும் சரி.